மறுபடியும் அவரா?

ஒருவரை முதல்முறை தேர்ந்தெடுப்பதும் அவரையே மறுமுறை தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலை அல்ல. முதல்முறை வாக்குக் கேட்டு வருபவர் வெறுங்கையோடு வருகிறார். அவர் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்பதுதான் நம் கேள்வி. மறுமுறை அவரே வரும்போது இரண்டு விஷயங்கள் மாறியிருக்கும். அவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவர் கையில் இப்போது காவல்துறை இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, ஒப்பந்தக்காரர்களின் பாக்கிப் பட்டியல் இருக்கிறது, ஒத்துவராத அதிகாரியைத் தூக்கியடிக்கும் அதிகாரமும் இருக்கிறது. நம் விவரம் கூடியிருக்கிறது, அவர் பலமும் கூடியிருக்கிறது. இவ்விரண்டில் எது கனம் என்ற வழக்கு ஏதென்ஸ் காலத்தில் தொடங்கியது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

இந்த இரண்டாவது வேலைக்குத் தமிழில் தனிச்சொல் எதுவும் நிலைக்கவில்லை. ‘மறுதேர்தல்’ என்றால் பழைய தேர்தல் செல்லாமல் போய்ப் புதிதாக நடத்துகிறார்கள் என்று படும். ‘மறுவாக்குப்பதிவு’ வாக்குச்சாவடித் தகராறுக்கு உரியது. ‘மறுதேர்வு’ என்பதைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் இங்கே அதையே இரவல் வாங்குகிறேன். நாளிதழ்கள் ‘மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்றும் ‘தொடர்ந்து இரண்டாம் முறையாக’ என்றும் எழுதுகின்றன. பேச்சில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். சட்டத்தில் அவற்றின் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. சிலியில் அதிபர் தொடர்ந்து நிற்க முடியாது, ஒரு தவணை விட்டு மீண்டும் நிற்கலாம். அதனால் 2006 முதல் 2022 வரை அங்கே மிஷெல் பாச்செலெட், செபாஸ்தியான் பின்யேரா, மறுபடி பாச்செலெட், மறுபடி பின்யேரா என்று இருவரே மாறிமாறி ஆண்டார்கள். அமெரிக்காவில் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் ஆயுளுக்கு இரண்டுமுறைதான் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாம். மெக்சிகோவில் அதிபருக்கு ஒரே ஒரு முறை.

ஏதென்ஸ்காரர்கள் இதில் பதவிக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். ஐந்நூறு பேர் கொண்ட ஆலோசனைக் குழுவில் ஒருவர் வாழ்நாளில் இரண்டுமுறை உட்காரலாம். சீட்டுக் குலுக்கி நிரப்பிய மற்ற பதவிகள் பெரும்பாலும் ஒருமுறைதான். தளபதி பதவிக்கு மட்டும் வரம்பு கிடையாது. போர் என்று வந்தால் அனுபவம் வேண்டுமே! பெரிக்ளீஸ் பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்துத் தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இதை வைத்து ஏதென்ஸ் மக்கள் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். பதவி முடியும் ஒவ்வொருவரும் தணிக்கையாளர்கள் முன் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பெரிக்ளீசும் அதற்கு விலக்கல்ல. கி.மு. 430-இல் போரும் கொள்ளைநோயும் சேர்ந்து நகரத்தை வாட்டியபோது அவர் பதவியைப் பறித்து அபராதமும் போட்டார்கள். அடுத்த ஆண்டே அதே மக்கள் அவரைத் திரும்பவும் தளபதியாக்கினார்கள். தண்டித்த கைதான் மறுபடி தேர்ந்தெடுத்தது. மறுதேர்வு ஒழுங்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ரோமானியர்கள் ஒருமுறை கான்சல் என்ற தலைமைப் பதவி வகித்தவர் பத்தாண்டு பொறுத்துத்தான் திரும்பலாம் என்று சட்டம் வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து எதிரிகள் இறங்கியதும் கி.மு. 104 முதல் 100 வரை மாரியஸ் என்ற தளபதியை ஐந்து முறை அடுத்தடுத்து அமர்த்தினார்கள். அவசரம் என்ற பெயரில் விதி உடைந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை எழுதிவைத்த ஊர் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-ஐயும் 921-ஐயும் சேர்ந்தவை. பாடப்புத்தகம் குடவோலையோடு நிறுத்திக்கொள்ளும். கல்வெட்டில் இருக்கும் நுணுக்கம் அதைவிட அழகு. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுகின்றன. கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் சபையார் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்டுகிறார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருகிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக! அவன் படித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் ஒருமுறை வாசிக்கிறார்கள்.

நம் கேள்விக்கு வேண்டியது தகுதிப் பட்டியலில் இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள், ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் எத்தனை ஆண்டு கழித்தும் வர முடியாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன், மாமனார், மருமகன் என்று அவருடைய உறவு முழுவதற்கும் தடை. கணக்குக் காட்டியவருக்கு மூன்றாண்டு இடைவெளி, காட்டாதவருக்கு நிரந்தரத் தடை, அவருக்குப் பதில் சொந்தக்காரரை நிறுத்தும் வழியும் அடைப்பு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஊர்ச்சபை யோசித்தது இது. கூடவே இதையும் சொல்லியாக வேண்டும்: அது பிராமணர் குடியிருப்பின் சபை. சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் உள்ள 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கே அங்கே ஓலை. ஊர் ஏரித் தண்ணீரில் உழுத மற்றவர்கள் அந்தக் குடத்தின் பக்கம் வர முடியாது. இந்தியாவின் ஆதி ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரியை மட்டும் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

நவீன காலத்தில் இந்த வாதம் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியபோது சூடுபிடித்தது. மறுதேர்வுக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788-இல் ஒரு கட்டுரையில் வாதாடினார். எப்படியும் இறங்கப்போகிறோம் என்று தெரிந்தவன் நல்லது செய்ய முனைய மாட்டான், இருக்கும்வரை சுருட்டப் பார்ப்பான் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. தாமஸ் ஜெஃபர்சனுக்கு எதிர்ப்பக்கத்துக் கவலை: திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அது ஆயுள் பதவியாகிவிடும். ஹாமில்டன் கட்சி ஏட்டில் ஜெயித்தது, ஜெஃபர்சன் கட்சி வழக்கத்தில் ஜெயித்தது. வாஷிங்டன் மூன்றாம் முறை வேண்டாம் என்று 1796-இல் ஒதுங்கினார். அந்த மரபை 1940-இலும் 1944-இலும் மீறி வென்றவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒருவர்தான். அவர் 1945-இல் பதவியிலேயே இறந்தார். 1951-இல் நிறைவேறிய 22-ஆம் திருத்தம் வழக்கத்தைச் சட்டமாக்கியது. அப்போது நாற்காலியில் இருந்த ட்ரூமனை அது கட்டுப்படுத்தவில்லை. இந்தச் சின்ன விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

இந்த வாதத்தை ரத்தம் சிந்தி நடத்திப் பார்த்த நாடு மெக்சிகோ. அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் மறுபடி பதவிக்கு வந்ததை எதிர்த்து 1871-இல் போர்ஃபிரியோ டியாஸ் என்ற தளபதி கலகம் செய்தார். ‘மறுதேர்வு கூடாது’ என்பது அவர் முழக்கம். அந்தக் கலகம் தோற்றது. 1876-இல் அடுத்த அதிபர் லெர்தோவும் மறுமுறைக்கு ஆசைப்பட்டார். டியாஸ் அதே முழக்கத்தோடு திரும்பவும் கிளம்பி இம்முறை ஆட்சியைப் பிடித்தார். 1878-இல் தொடர்ச்சியான மறுதேர்வுக்கு அரசியலமைப்பிலேயே தடை எழுதினார். 1880-இல் சொன்னபடி இறங்கி, தன் ஆளான மனுவேல் கொன்சாலேஸை நான்காண்டு உட்காரவைத்தார். 1884-இல் திரும்பி வந்தார். 1887-இல் ‘தொடர்ந்து ஒருமுறை நிற்கலாம்’ என்று ஒரு திருத்தம் வந்தது. 1890-இல் ‘எத்தனை முறையும் நிற்கலாம்’ என்று இன்னொரு திருத்தம். மறுதேர்வை எதிர்த்து வந்தவர் 1911 வரை அசையவில்லை.

அவரை அசைத்தது அவருடைய முழக்கமேதான். வசதியான குடும்பத்துப் பிள்ளையான பிரான்சிஸ்கோ மதேரோ, 1910-இல் வரப்போகும் அதிபர் யார் என்பது பற்றி அதற்கு முன்பே ஒரு புத்தகம் எழுதினார். மறுதேர்வு எதிர்ப்புக் கட்சி கட்டித் தேர்தலில் நின்றார். வாக்குப்பதிவுக்கு முன்பே கைதானார். டியாஸ் வென்றதாக அறிவிப்பு வந்தது. வெளியே வந்த மதேரோ, 1910 நவம்பர் 20 அன்று எழுச்சி என்று நாள் குறித்தார். மெக்சிகோப் புரட்சியின் தொடக்க நாள் அது. ‘உண்மையான வாக்குரிமை, மறுதேர்வு இல்லை’ என்ற அவருடைய முழக்கம் பின்னால் பல பத்தாண்டுகள் அரசாங்கக் கடிதங்களின் அடியில், கையெழுத்துக்கு மேலே அச்சாகி வந்தது. ஒரு கடைநிலை எழுத்தர் குடிநீர் இணைப்புக்கு அனுப்பும் பதிலிலும் புரட்சியின் முழக்கம் இருந்திருக்கும்.

1917 அரசியலமைப்பு அதிபருக்கு முழுத்தடை போட்டது. பத்தாண்டு தாங்கவில்லை. 1920 முதல் 1924 வரை ஆண்ட ஆல்வாரோ ஒப்ரெகோனுக்குத் திரும்பி வர ஆசை. இடைவெளி விட்டு வரலாம் என்று அவருக்காகச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1928 ஜூலை 1 அன்று வென்றார். ஜூலை 17 அன்று மெக்சிகோ நகரத்தில் லா பொம்பிய்யா என்ற உணவகத்தில் அவருக்கு விருந்து. கேலிச்சித்திரம் வரைந்தபடி மேசை மேசையாக வந்த ஓர் இளைஞன், ஒப்ரெகோனிடம் தன் படத்தைக் காட்டும் சாக்கில் நெருங்கிச் சுட்டுக் கொன்றான். அவனுடைய கோபம் மறுதேர்வின் மேல் அல்ல, கத்தோலிக்கத் திருச்சபையை அரசு ஒடுக்கியதன் மேல். நாடு எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 1933-இல் அதிபருக்கு மறுபடி முழுத்தடை வந்தது. கூடவே நாடாளுமன்ற உறுப்பினர்களும் மேயர்களும் தொடர்ந்து நிற்கக் கூடாது என்ற தடையும் வந்தது.

தடை அச்சுப் பிசகாமல் நிறைவேறியது. அடுத்து வந்த ஒவ்வோர் அதிபரும் ஆறாண்டு முடிந்ததும் மூட்டை கட்டினார். ஆனால் 1929 முதல் 2000 வரை, இடையில் பெயர் மட்டும் மாறிய ஒரே கட்சிதான் ஆண்டது. பதவி முடிந்து போகும் அதிபர் அடுத்தவரைக் கைகாட்டுவார். அதற்கு ‘விரல்’ என்றே மக்கள் பெயர் வைத்திருந்தார்கள். கீழவை உறுப்பினர் நிலையைப் பாருங்கள். மூன்றாண்டு முடிந்தால் அதே இடத்தில் நிற்க முடியாது. தொகுதி மக்களால் அவருக்கு இனிமேல் கொடுக்கவும் ஒன்றுமில்லை, அவரிடமிருந்து பறிக்கவும் ஒன்றுமில்லை. அடுத்துக் கிடைக்கக்கூடிய செனட் இடம், மாநில ஆளுநர் பதவி, ஏதாவதொரு அரசு நிறுவனத் தலைமை எல்லாம் மேலிடம் பார்த்துப் போடுவது. அவர் யார் முகத்தைப் பார்த்து நடந்திருப்பார்? சர்வாதிகாரியைத் தடுக்கப் போட்ட வேலி, பிரதிநிதியையும் வாக்காளரையும் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்டது. ஆள் மாறினார், நாற்காலி யாருக்கும் கணக்குக் காட்டவில்லை.

இதை உணர்ந்துதான் 2014-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். கீழவை உறுப்பினர் தொடர்ந்து நான்கு தவணை வரையிலும், செனட்டர் இரண்டு தவணை வரையிலும் இருக்கலாம் என்று ஆனது. அது நடைமுறைக்கு வந்து வேர்பிடிப்பதற்குள், 2025-இல் அதிபர் கிளவுதியா ஷைன்பாம் கொண்டுவந்த திருத்தம் பழைய தடையைத் திரும்பக் கொண்டுவருகிறது. 2030 முதல் அமல். பதவியில் இருப்பவரின் இடத்துக்கு அவருடைய நெருங்கிய உறவினர் நிற்கக் கூடாது என்ற விதியும் அதே திருத்தத்தில் இருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையார் படித்திருந்தால் தலையசைத்திருப்பார்கள். கணக்குக் காட்டியவரா காட்டாதவரா என்று பிரிக்கவில்லையே என்று கேட்டும் இருப்பார்கள்.

ஹாமில்டன் சொன்னது சரிதானா என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. பிரேசிலில் 1997-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மேயர்கள் தொடர்ந்து ஒருமுறை மறுபடி நிற்கலாம், அதற்கு மேல் உடனே நிற்க முடியாது. ஆகவே எந்த நேரத்திலும் மறுதேர்வுக்கு வழியுள்ள மேயர்களும் வழியில்லாத மேயர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருப்பார்கள். 2003-இலிருந்து மத்திய அரசு, நகராட்சிகளைப் பகிரங்கமாகச் சீட்டுக் குலுக்கி எடுத்துத் தணிக்கைக்கு ஆள் அனுப்பியது. கிளவுதியோ ஃபெராஸ், ஃபிரெடெரிகோ ஃபினன் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தத் தணிக்கை அறிக்கைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 2011-இல் வெளியான முடிவு: மறுபடி நிற்க வாய்ப்புள்ள மேயர்களின் ஊர்களில் நிதி முறைகேடு 27 விழுக்காடு குறைவு. திருடுவதும் திருடாததும் சுபாவம் மட்டுமல்ல, மறுபடி மக்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயமும் அதில் இருக்கிறது. அதே இருவரின் முந்தைய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தணிக்கையில் மாட்டியவர்கள் தேர்தலில் அடிவாங்கினார்கள். உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் அடி இன்னும் பலம். கணக்கு எழுதினால் போதாது, யாராவது அதை உரக்க வாசிக்க வேண்டும்.

இவ்வளவு கேட்ட பிறகு வரம்பே வேண்டாம் என்று தோன்றலாம். அப்படித் தோன்றுகிறவர்கள் பெருவைப் பார்க்க வேண்டும். ஆல்பெர்தோ ஃபுஜிமோரி அதிபர் தேர்தலில் 1990-இலும் 1995-இலும் வென்றார். அரசியலமைப்பு இரண்டு தவணைதான் தந்தது. முதல் தவணை பழைய அரசியலமைப்பின் கீழ் வந்தது, அதனால் கணக்கில் சேராது என்று 1996-இல் அவருடைய நாடாளுமன்றம் சட்டம் போட்டது. செல்லாது என்ற அரசியலமைப்பு நீதிபதிகள் மூன்று பேர் அடுத்த ஆண்டு நீக்கப்பட்டார்கள். 2000-இல் மூன்றாம் முறை வென்ற சில மாதங்களில் லஞ்ச ஊழல் வீடியோ வெடித்தது. ஜப்பானிலிருந்து தொலைநகலில் ராஜினாமா அனுப்பினார்.

‘முதல் தவணை கணக்கில் வராது’ என்ற தந்திரம் பிறகு ஊர் ஊராகப் போனது. பொலிவியா அதையும் தாண்டியது. அதிபர் இவோ மொராலெஸ் நான்காம் முறை நிற்கலாமா என்று 2016 பிப்ரவரியில் மக்களிடமே கேட்டார்கள். 51 விழுக்காட்டுக்குச் சற்று மேல், வேண்டாம் என்றார்கள். மறுவருடம் அரசியலமைப்பு நீதிமன்றம், மறுபடி நிற்பது மொராலெஸின் மனித உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. 2019-இல் நின்றார், தேர்தல் சர்ச்சையில் நாடு கொந்தளிக்க, நவம்பரில் ராணுவமும் கைவிட்ட நிலையில் பதவி விலகினார். வரம்பற்ற மறுதேர்வு மனித உரிமை ஆகாது என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் கருத்துரைத்தது. எல் சால்வடோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிபர் நயிப் புக்கெலேயின் கட்சி 2021 மே மாதம் அரசியலமைப்பு நீதிபதிகளை மாற்றியது. புதிய நீதிபதிகள் செப்டம்பரில் அவர் மறுபடி நிற்கலாம் என்றார்கள். 2024-இல் பெருவெற்றி பெற்றார். 2025 ஜூலை இறுதியில் வரம்பே அழிந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைப்பதற்கில்லை: புக்கெலேயை மக்கள் நிஜமாகவே விரும்பித்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிடித்தவரை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வாக்காளரைத் தடுப்பது எந்த நியாயத்தில் என்ற கேள்விக்கு, வரம்பு கேட்பவர்கள் பலரும் நேராகப் பதில் சொல்வதில்லை. என் பதில் இது: மக்கள் தேர்ந்தெடுப்பது தவறே அல்ல. அடுத்தமுறை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நீதிமன்றமும் ஒரு தேர்தல் ஆணையமும் மிச்சமிருக்குமா என்பதுதான் விஷயம்.

இலங்கையில் அது மிச்சமிருந்தது. 1978 அரசியலமைப்பு அதிபருக்கு இரண்டு தவணை என்றது. உள்நாட்டுப் போர் முடிந்து, 2010-இல் மறுபடி வென்ற மகிந்த ராஜபக்ச, அதே ஆண்டு செப்டம்பரில் 18-ஆம் திருத்தத்தால் வரம்பை நீக்கினார். தேர்தல் ஆணையம் போன்றவற்றுக்கு ஆள் போடும் அதிகாரமும் அதே திருத்தத்தில் அவர் பக்கம் சாய்ந்தது. 2015 ஜனவரி 8 அன்று மூன்றாம் முறை நின்றார். சில வாரங்கள் முன்புவரை அவருடைய அமைச்சரவையில் இருந்த மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்களும் முஸ்லிம்களும் பெருவாரியாக ராஜபக்சவுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர் கதவை அகலத் திறந்துவைத்தும் மக்கள் அவரை உள்ளே வர விடவில்லை. 19-ஆம் திருத்தம் அதே ஆண்டு இரண்டு தவணை வரம்பைத் திரும்ப எழுதியது. அதிகாரத்தை மறுபடி அதிபர் பக்கம் குவித்த 2020-ஆம் ஆண்டுத் திருத்தம்கூட இந்த ஒன்றில் கைவைக்கவில்லை. ரஷ்யாவில் கதை நேர்மாறு. புதினின் பழைய தவணைகளைப் பூஜ்யமாக்கும் யோசனையை 2020 மார்ச்சில் அவையில் முன்வைத்தவர் விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான வாலென்தீனா தெரெஷ்கோவா. சீனா 2018-இல் அதிபரின் இரு தவணை வரம்பை நீக்கியபோது எதிர்த்து விழுந்த வாக்குகள் இரண்டு.

இந்தியாவில் பிரதமருக்கும் முதல்வருக்கும் வரம்பு இல்லை. குடியரசுத் தலைவர் மறுபடி நிற்கலாம் என்று அரசியலமைப்பின் 57-ஆம் பிரிவு சொல்கிறது, வரம்பு எதுவும் போடவில்லை. இரண்டுமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் ஒருவரே. வரம்பு இல்லாத குறையை வாக்காளர்களே தீர்த்துவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1977, 1980, 1984 என்று எம்.ஜி.ஆர். மும்முறை வென்ற பிறகு, ஆளும் கட்சி மறுபடி வென்றது 2016-இல்தான். கேரளத்தில் இடதும் காங்கிரஸும் மாறிமாறி வந்த நாற்பதாண்டு வழக்கம் 2021-இல் முறிந்தது. மறுபக்கம் ஜோதிபாசு, பவன் குமார் சாம்லிங், நவீன் பட்நாயக் என்று முதல்வர் பதவியில் இருபது ஆண்டு தாண்டியவர்களும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் அளவில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். அமெரிக்கக் கீழவையில் மறுபடி நிற்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெரும்பாலும் வென்றுவிடுகிறார்கள். இந்தியச் சட்டமன்றங்களை ஆராய்ந்த யோகேஷ் உப்பல் போன்றவர்கள், இங்கே பதவியில் இருப்பது பலமல்ல, பாரம் என்று கண்டார்கள்.

நம் வாக்காளர்கள் கறாரானவர்கள் என்று பெருமைப்படலாம். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, அவையில் கொறடா சொன்னபடி கைதூக்க வேண்டிய உறுப்பினரிடம் தொகுதிக்குக் காட்டத் தனிக்கணக்கு எதுவும் இல்லை. தலைமைமேல் வரும் கோபம் அவர் தலையில் விடிகிறது. கட்சிகள் இதைப் புரிந்துகொண்டு புது வித்தை கற்றிருக்கின்றன. 2017 டெல்லி மாநகராட்சித் தேர்தலில் பா.ஜ.க. தன் கவுன்சிலர்கள் ஒருவருக்கும் மறுபடி சீட்டுத் தராமல் முகங்களை எல்லாம் மாற்றியது; மூன்று மாநகராட்சிகளிலும் வென்றது. மெக்சிகோ எழுபது ஆண்டு செய்ததை ஒரே பட்டியலில் செய்து முடித்தார்கள். கம்பெனி விவகாரம் இன்னும் வேடிக்கை. பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் பொதுக்குழு அறிவிப்பில், சுழற்சி முறையில் ஓய்வுபெறும் இன்ன இயக்குநர், தகுதியுடையவர் என்பதால் மறுநியமனத்துக்குத் தம்மை முன்வைக்கிறார் என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். ஓய்வும் மறுநியமனமும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

ஆக, எத்தனை முறை என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாட்டின் தலைமைப் பதவிக்கு வரம்பு வேண்டும். நடுவரையே மாற்றும் பலம் அந்த ஒரு நாற்காலிக்குத்தான் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர், மேயர், ஊராட்சித் தலைவர் போன்றவர்களுக்கு மறுதேர்வை அடைத்தால் மக்கள் கையில் இருக்கும் ஒரே சாட்டையைப் பிடுங்கியதாகும். வரம்பை யார் மாற்றினாலும், கூட்டினாலும் குறைத்தாலும், மாற்றியவருக்கு அது பொருந்தக் கூடாது. 22-ஆம் திருத்தம் ட்ரூமனை விட்டுவைத்தது சலுகைபோலத் தெரியும். நாற்காலியில் இருப்பவர் பெயரைப் பார்க்காமல் விதி எழுத அதுதான் வழி. அடுத்தவருக்குத்தான் வரம்பு நீங்கும் என்றால் ஃபுஜிமோரியோ ராஜபக்சவோ புக்கெலேயோ அவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா?

நம் நாட்டில் மறுதேர்வுக்கு உண்மையான தடை ஒன்று இருக்கிறது. தடை என்று யாரும் அதை அழைப்பதில்லை. ஊராட்சித் தலைவர் பதவிகளில் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் உள்ள ஒதுக்கீட்டைச் சுழற்சியில் விட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-டி பிரிவு சொல்கிறது. பல மாநிலங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. முதல் இரண்டு ஆண்டு கோப்புகளைப் புரிந்துகொள்ளவே போய்விடும். பி.டி.ஓ. அலுவலகத்தில் யாரிடம் எதற்குப் போவது, ஊராட்சிச் செயலரிடம் எந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது, கிராமசபையில் எதிர்த்துப் பேசுபவருக்கு என்ன பதில் சொல்வது என்று தலைவரம்மாவுக்குப் பிடிபடும் நேரத்தில் ‘இந்த முறை பொதுவாயிடுச்சு’ என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பொது என்றால் ஆண்களுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டீக்கடையில் அர்த்தம் அப்படித்தான். நன்றாகச் செய்தவருக்குப் பரிசு கிடையாது, கெடுத்தவருக்குத் தண்டனையும் கிடையாது. கணவர் பெயரில் நடந்த ஊராட்சியானால், கணக்குக் கேட்கும் வாய்ப்பே வராமல் போய்விடும். மேற்கு வங்கத்தில் செய்த ஆய்வொன்று இங்கே பொருந்தும். அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், பின்னால் ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் நிற்பதும் வெல்வதும் கூடியிருந்தது.

தமிழ்நாடு இதில் ஓரளவு யோசித்துச் செய்தது. இங்கே ஓர் ஒதுக்கீடு இரண்டு தேர்தல்களுக்கு, பத்தாண்டு நீடிக்கும். 2016-இலிருந்து பெண்களுக்குப் பாதி இடம். எனவே ஊராட்சித் தலைவரம்மா ஒருமுறையாவது அதே ஊரில், அதே மக்கள் முன்னால், செய்ததைச் சொல்லி மறுபடி வாக்குக் கேட்க வழி உண்டு. தேர்தல் நடந்தால். 2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல், 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுநாள் முதல் அந்த ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள்.